பசி பட்டியலில் இல்லை

அக்காவின் எடை முப்பத்தாறு கிலோ என்று தெரிந்த அன்று கண்டக்டர் இரண்டு முறை குனிந்து எடைமேடையைப் பார்த்தார். முள் அசையவில்லை. மூன்றாவது முறை குனிந்தபோது, "அது சரியாத்தான்டா காட்டுது. நீ நிமிரு, முதுகு பிடிச்சிக்கும்" என்றாள் அக்கா.

முப்பத்து நான்கு வருடம் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர் அவர். ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடம் ஆகியும் தெருவில் யாருக்கும் அவருடைய வேறு பெயர் தெரியாது. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மூன்றாவது மாடியில் ஒற்றை ஆளாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உலகத்தில் அவருக்கென்று மிச்சம் இருந்தது இந்த அக்கா ஒருத்திதான். ஏழு வயது மூத்தவள், கணக்கு டீச்சராக இருந்தவள். இடுப்பெலும்பு முறிந்த பிறகு தம்பி வீட்டுப் படியேற முடியாமல் நகர நிர்வாகத்தின் மூத்தோர் இல்லத்தில் சேர்ந்தாள். முதல் வருடம் அங்கே நன்றாகத் தேறினாள். இல்லத்துச் சமையல்காரம்மா காலையில் அரைவேக்காட்டு முட்டை கொடுப்பாள். மதியம் குழையக் குழைய ஏதாவது, சாயங்காலம் பாலில் நனைத்த ரொட்டி. கண்டக்டர் தினமும் பதினோரு மணிக்கு வந்து, அக்காவிடம் இரண்டு திட்டு வாங்கிக்கொண்டு, திருப்தியாகத் திரும்புவார்.

அப்புறம்தான் மூத்தோர் உணவுப் பாதுகாப்புப் பிரிவு வந்தது.

எங்கோ வேறொரு இல்லத்தில் முந்தின நாள் செய்த சாலட்டைச் சாப்பிட்டுப் பதினொரு பேருக்கு வயிற்றுப்போக்கு. மூன்றே நாளில் பதினொரு பேரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். அறிக்கை எழுத உட்கார்ந்தவர்கள்தான் எழுந்திருக்கவில்லை. முந்நூறு பக்கம் எழுதினார்கள். வயதானவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு, கையைக் கழுவுங்கள், நன்றாக வேகவையுங்கள், சூடாகப் பரிமாறுங்கள், மிச்சத்தை வைத்து ஓட்டாதீர்கள் என்று முதல் பக்கத்தில் இருந்தது. சமையல்காரம்மா அதைப் படித்துவிட்டு, "இதைத்தானே இருபது வருஷமா செய்றேன்" என்றாள். இரண்டாம் பக்கத்தை அவள் அப்போது புரட்டவில்லை.

சமைத்த ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும், முடிவு வரும்வரை பரிமாறக் கூடாது என்பது ஒரு விதி. முடிவு வர இரண்டு நாள் ஆகும். சமைத்து இரண்டு மணி நேரம் தாண்டிய எதையும் பரிமாறக் கூடாது என்பது இன்னொரு விதி. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே நியாயமானவை. சேர்த்துப் பார்க்கும் வேலை எந்த மேசைக்கும் ஒதுக்கப்படவில்லை. ஆகவே சமையல்காரம்மா தினமும் முப்பத்திரண்டு பேருக்குச் சமைத்தாள், மாதிரி எடுத்துக் கொடுத்தாள், இரண்டு மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள், பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் குப்பையில் கொட்டினாள். இரண்டு நாள் கழித்து, கொட்டிய சாப்பாடு மிகவும் பாதுகாப்பானது என்று சான்றிதழ் வரும். அதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டுவார்கள். சுவரில் இடம் போதாமல் படிக்கட்டுச் சுவர்வரை வந்துவிட்டது.

சாப்பாட்டுக்குப் பதில் பிரிவே ஒரு பொட்டலம் அனுப்பியது. அதன் பெயர் பாதுகாப்புக் கூழ். சாம்பல் நிறத்தில், நனைந்த அட்டைப்பெட்டி வாசனையில் இருக்கும். மூன்று முறை கொதிக்கவைத்து முத்திரையிட்டது. முத்திரையைப் பிரிக்கப் பயிற்சி பெற்ற திறப்பாளருக்கு மட்டுமே அதிகாரம். எட்டு இல்லங்களுக்கு ஒரே திறப்பாளர். அவர் வந்தால் பொட்டலம் பிரியும். வராத நாளில் கிழவர்களும் கிழவிகளும் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். வந்த நாளில் நாலு ஸ்பூனுக்கு மேல் யாருக்கும் இறங்காது.

"கூழைக் குறை சொல்லக் கூடாதுடா," என்றாள் அக்கா. "அதுல எந்தக் கிருமியும் இருக்க முடியாது. எந்தக் கிருமி அதைத் திங்கும்?"

எடை பார்த்த மறுநாள் கண்டக்டர் வீட்டிலேயே ஒரு முட்டையை அரைவேக்காடாக அவித்து, டப்பாவில் வைத்துத் துண்டில் சுற்றிக்கொண்டு போனார். வாசலில் பாதுகாப்பு அலுவலர் உட்கார்ந்திருந்தார். கையுறை போட்ட, மரியாதையான பெண். பேனா குத்தும் இடத்தில் வெப்பமானி குத்தியிருந்தார்.

"இது என்னங்க ஐயா?"

"முட்டை மேடம். எங்க அக்காவுக்கு."

"எப்ப போட்டது?"

"நான் போடல மேடம். கோழி போட்டது."

அலுவலர் சிரிக்கவில்லை. 'போட்ட தேதி தெரியவில்லை' என்று எழுதிக்கொண்டார். முட்டையில் வெப்பமானியைச் செருகினார். மஞ்சள் கரு வழிந்தது. நாற்காலியோடு ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

"வேகல ஐயா இது."

"அப்படித்தான் மேடம் அவங்க சாப்பிடுவாங்க. சரி, வேகவேண்டியதுதான்னா நாளைக்கு முழுசா வேகவச்சு எடுத்துட்டு வரேன்."

"வெந்தாலும் வேகாட்டியும் வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுவர உங்களுக்குக் கையாளுநர் அட்டை வேணும். மூணு நாள் பயிற்சி. பரீட்சை உண்டு."

முட்டையை இரண்டு பைகளுக்குள் போட்டு முத்திரை வைத்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

பயிற்சிக்குப் போனார் கண்டக்டர். விருந்துச் சமையல் பையன்களுக்கு நடுவில் முன் வரிசையில் உட்கார்ந்தார். பயிற்சியாளர் கரும்பலகையில் ஒரு தட்டை வரைந்துவிட்டுத் திரும்பினார்.

"இது என்ன?"

"தட்டு," என்றார் கண்டக்டர்.

"அபாயம்," என்றார் பயிற்சியாளர். "சாப்பாடுங்கிறது அபாயம். சூடாக்கினா சூடான அபாயம். மூடி வச்சா மூடின அபாயம். இந்தப் பிரிவோட குறிக்கோள் என்னன்னா, மூத்தவங்களுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவுல ஒரு பாதுகாப்பான தூரத்தைக் கொண்டுவர்றது."

கண்டக்டர் அதையும் எழுதிக்கொண்டார். இருபது வினாடி கை கழுவினார். கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை, ஒரு காலத்தில் நிறுத்தங்களை மனப்பாடம் செய்ததுபோல, வரிசை பிசகாமல் ஏற்றிக்கொண்டார். பரீட்சையில் அவர்தான் முதல் மதிப்பெண். கைதட்டினார்கள். மூன்று நாளும் அக்காவைப் பார்க்கப் போக முடியவில்லை என்பது மட்டும்தான் உறுத்தியது.

நாலாம் நாள் அட்டை வாங்கப் போனபோது ஜன்னலுக்குப் பின்னால் அதே பாதுகாப்பு அலுவலர். விண்ணப்பத்தைப் பார்த்தவர் நிறுத்தினார்.

"எழுபத்திரண்டு வயசா உங்களுக்கு?"

"ஆமாம் மேடம்."

"அறுபத்தஞ்சு தாண்டினா அபாயப் பிரிவு ஐயா. அபாயப் பிரிவைச் சேர்ந்தவங்க அபாயப் பிரிவுக்குச் சாப்பாடு கையாளக் கூடாது."

"முதல் மார்க் வாங்கியிருக்கேனே மேடம்."

"அதுக்கு வாழ்த்துகள். அட்டை குடுக்க முடியாது."

கண்டக்டர் ஜன்னலை ஒட்டி வந்தார். வாய் தவறி ஒன்றைச் சொன்னார். "என்ன மேடம் இது, பன்னண்டு வருஷமா எனக்கே நான்தான் சமைச்சுச் சாப்பிடுறேன். ஒண்ணும் ஆகலையே."

அலுவலர் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி அவரை முழுசாகப் பார்த்தார். "தனியாவா?" என்று கேட்டார்.

மறுநாள் காலை நாலு பேர் மூன்று மாடி ஏறி வந்தார்கள். ஃப்ரிட்ஜில் ஐந்து டிகிரி இருக்க வேண்டிய இடத்தில் ஆறு இருந்தது. பாத்திரம் தேய்க்கும் நாரை நாலு கோணத்திலும் படம் பிடித்தார்கள். வெட்டுப்பலகையில் ஒரு கீறலைக் கண்டுபிடித்து, பெரியவர் பிழைத்திருப்பதே ஆச்சரியம் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அடுப்பங்கரைக் கதவில் மஞ்சள் நாடாவைக் குறுக்கே ஒட்டினார்கள். இனிமேல் அவருக்கும் பொட்டலம் வரும், வியாழக்கிழமை தோறும் திறப்பாளர் வந்து பிரித்துத் தருவார் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். தெருமுனைச் சாப்பாட்டுக் கடைக்கும் அவருடைய படத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கடைக்காரர் அவரைக் கண்டதும் கும்பிட்டார். "தப்பா நினைச்சுக்காதீங்க கண்டக்டரே. கடையையே மூடிடுவோம்னு சொல்றாங்க."

இப்படியாக, அக்காவுக்கு ஒரு முட்டை கொடுக்கக் கிளம்பியவர் ஒரே வாரத்தில் தானும் கூழுக்கு வந்து சேர்ந்தார்.

அந்த வாரம் இல்லத்தில் அக்காவுக்குப் பக்கத்துக் கட்டில் காலியானது. அதில் இருந்தவள் தையல்காரம்மா. கடைசி நாட்களில் போர்வை ஓரத்தை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். பதிவேட்டில் 'முதுமை' என்று எழுதினார்கள். பக்கத்துக் கட்டத்தில் 'உணவால் பாதிப்பு: இல்லை' என்று பச்சை மையில் எழுதினார்கள். அக்கா அன்று திட்டவில்லை. கண்டக்டர் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கன்னம் என்று அங்கே ஒன்றும் இல்லை.

"முப்பத்தாறு, முப்பத்தஞ்சு, முப்பத்துமூணரை," என்றாள். "இறங்குவரிசைடா. எங்க முடியும்னு மூணாங்கிளாஸ் பிள்ளைகூடச் சொல்லிடும்."

வெளியே வந்த கண்டக்டரைச் சமையல்காரம்மா பின்கட்டில் பிடித்து நிறுத்தினாள். கண் சிவந்திருந்தது.

"பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தா தையலம்மா பிழைச்சிருப்பாங்க அண்ணே. அது வேற துறை. இவங்க சட்டம் அங்க செல்லாது. அங்க ஆக்கிப் போடுறாங்க, ஊட்டியும் விடுறாங்க."

"அப்ப எங்க அக்காவை அனுப்பச் சொல்லும்மா."

"நான் கேக்காமலா இருப்பேன்? பட்டியல்ல இருக்கிற வியாதி ஏதாவது வந்தாத்தான் அனுப்புவாங்களாம். பட்டினிக்கு அனுப்ப மாட்டாங்களாம்."

இல்லத்தின் வாசலில் ஒரு பலகை உண்டு. 'உணவு நஞ்சாகாத நாட்கள்' என்று எழுதி, பக்கத்தில் எண் மாற்றுவார்கள். அடுத்த திங்கட்கிழமை அது இருநூறைத் தொட்டது. பிரிவின் இயக்குநர் நேரில் வந்தார். கூடத்தில் முப்பத்தொரு பேரையும் வரிசையாக உட்கார வைத்தார்கள். உட்கார முடியாதவர்களைச் சக்கர நாற்காலியில் கட்டி வைத்தார்கள். அக்கா முன்வரிசையில், தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். உறவினர்கள் சுவரோரம் நின்றார்கள். மொத்தம் மூன்று பேர்.

"இருநூறு நாள்," என்றார் இயக்குநர். குரல் தழுதழுத்தது. "ஒரு வாந்தி இல்ல. ஒரு வயித்துப்போக்கு இல்ல. முன்னெல்லாம் இந்த இல்லத்துல ஒரு நாளைக்கு அறுபது தடவை கழிப்பறை உபயோகம். இப்ப ஏழு. இந்த எண்ணைத் தலைமையகத்துல நம்பவே மாட்டேங்கிறாங்க. எப்படி சாதிச்சீங்கன்னு கேக்கறாங்க. நான் சொன்னேன், வாய் வழியாத்தான் எல்லாத் தப்பும் உள்ள போகுது. நாங்க வாயில காவல் போட்டோம்."

பாதுகாப்பு அலுவலர் கைதட்டினார். வரிசையில் ஒருவர் கைதட்டப் பார்த்தார். இரண்டு கையும் சந்திப்பதற்குள் களைத்துப்போய் மடியில் விழுந்துவிட்டன.

கண்டக்டர் சுவரை விட்டு ஓர் அடி முன்னால் வந்தார். "சார், ஒரு சந்தேகம். எடை எழுதற பலகை எங்க சார் இருக்கு?"

"எடையா?" இயக்குநர் அன்பாகத் திரும்பினார். "அது ஊட்டச்சத்துப் பிரிவு. பக்கத்துக் கட்டடம். இன்னும் ஆள் போடல."

"எங்க அக்கா பசியில செத்துக்கிட்டிருக்காங்க சார்."

இயக்குநர் வருத்தப்பட்டதாகவே தெரிந்தது. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்து மேலிருந்து கீழே பார்த்தார்.

"பெரியவரே, இதோ பாருங்க. உணவு மூலமா வர்ற வியாதி முப்பத்தொண்ணு. எல்லாம் ஒழுங்கா போட்டிருக்கு. சாப்பிடறதால வர்றதுதான் எல்லாமே. சாப்பிடாததால வர்றது ஒண்ணுகூட இல்ல. பசி பட்டியல்ல இல்லையே. இல்லாத ஒண்ணுக்கு நான் எப்படி நடவடிக்கை எடுக்க முடியும், நீங்களே சொல்லுங்க."

கண்டக்டர் திரும்பினார். அக்காவைப் பார்த்தார். மூச்சு விடுகிறாளா என்று கொஞ்ச நேரம் பார்க்க வேண்டியிருந்தது. விட்டாள். வாழ்க்கையில் டிக்கெட் இல்லாமல் ஒரு பயணியைக்கூட ஏற்றாத மனிதர். பொய்க்கணக்கு ஒன்று எழுதியதில்லை. கையேட்டின் பதினாலாம் பக்கம் மட்டும் எழுத்து எழுத்தாகக் கண்முன் வந்து நின்றது.

"சார்," என்றார். "நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"சொல்லுங்க."

"காலைல யாருக்கும் தெரியாம அக்காவுக்கு ஒரு முட்டை குடுத்துட்டேன். அரைவேக்காடு. போட்ட தேதி தெரியாது."

பாதுகாப்பு அலுவலர் கையிலிருந்த கோப்பு கீழே விழுந்தது. கண்டக்டர் பாடம் ஒப்பிக்கிற மாதிரி தொடர்ந்தார். "பக்கம் பதினாலு சார். அபாயப் பிரிவைச் சேர்ந்தவர் வேகாத முட்டையை உண்டதாகச் சந்தேகம் எழுந்தால், அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு மணி நேரத்துக்குள் பெரிய மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்."

முட்டை என்று ஒன்று இல்லவே இல்லை. அவர் வீட்டு அடுப்பங்கரையைத்தான் மஞ்சள் நாடா போட்டு மூடியிருந்தார்களே. ஆனால் அது யாருக்கும் தோன்றவில்லை.

"முட்டை ஓடு எங்க?" என்றார் அலுவலர்.

கண்டக்டர் இதை யோசித்து வைத்திருக்கவில்லை. "ஓட்டையும் சேத்துத் தின்னுட்டாங்க மேடம்," என்றார். "பசி."

அக்கா கண் விழித்திருந்தாள். தம்பியைப் பார்த்தாள், இயக்குநரைப் பார்த்தாள். அவளுக்குக் கணக்கு எப்போதும் சீக்கிரம் பிடிபடும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, குமட்டுதே" என்றாள்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு கை மெதுவாக உயர்ந்தது. ஓய்வு பெற்ற தபால்காரருடைய கை. அவர் பேசி ஒரு வாரம் ஆகியிருந்தது.

"நானும் சாப்பிட்டேன்," என்றார்.

"எதை?"

"அந்த முட்டையைத்தான்."

"எனக்கும் ஒரு வாய் குடுத்தார்," என்றாள் அவருக்கு அடுத்திருந்த கிழவி. "எனக்கும்," என்றது இன்னொரு குரல். "மஞ்சக்கரு எனக்கு," என்றார் ஒருவர், கண்ணை மூடிக்கொண்டு, அது இன்னும் நாக்கில் இருப்பதுபோல. காது கேட்காத ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் என்ன விஷயம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, இரண்டு கைகளையும் தூக்கினார். முப்பத்தொரு பேர். கட்டி வைக்கப்பட்டவர்கள் கை தூக்க முடியாமல் காலை ஆட்டினார்கள்.

"ஒரே ஒரு முட்டைன்னுதானே ஐயா சொன்னீங்க?" என்று கேட்டார் அலுவலர். அவருக்கு முகம் வெளுத்துப் போயிருந்தது.

கண்டக்டர் பழைய பழக்கத்தில் தலைகளை எண்ணிப் பார்த்தார். "பெரிய முட்டை மேடம்," என்றார்.

பெரிய முட்டைக்கு விதி இல்லை. சந்தேகத்துக்கு இருந்தது. ஆம்புலன்ஸ் வண்டிகள் பதினொரு நடை அடித்தன. இருநூறு நாளாக இந்தக் கூடத்தில் யாரும் அப்படி ஓடியதில்லை. சிப்பந்திகள் ஓடினார்கள், அலுவலர் ஓடினார், திறப்பாளர்கூட எங்கிருந்தோ வந்து ஓடினார். ஒருவர் ஸ்டூல் போட்டு ஏறிப் பலகையில் இருநூறை எடுத்துவிட்டுப் பூஜ்யத்தை மாட்டினார். இயக்குநர் அதைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தையல்காரம்மாவுக்கு வராத கண்ணீர் அவருக்கு அப்போது வந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர், அக்காவின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்ன சாப்பிட்டாங்க?" என்று கேட்டார்.

"இருநூறு நாளா ஒண்ணுமில்ல டாக்டர்," என்றாள் கூட வந்திருந்த சமையல்காரம்மா.

பத்து நாளாவது முன்னால் கொண்டுவந்திருக்கலாம் என்று மட்டும் டாக்டர் சொன்னார். தபால்காரருக்கு அந்தப் பத்து நாள் கிடைக்கவில்லை. மறுநாள் விடியும்போது போய்விட்டார். அவர் வயிற்றில் முட்டை எதுவும் இல்லை என்று அறிக்கை வந்தது. அதைப் படித்த பிரிவு, கண்டக்டர் மேல் தடயத்தை மறைத்த குற்றத்தையும் சேர்த்தது.

விசாரணை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. குற்றத்தை அவர்தான் ஒப்புக்கொண்டிருந்தாரே. அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட எவருக்கும் எந்த உணவையும் எந்த வகையிலும் அளிக்க அவருக்கு ஆயுள் முழுவதும் தடை என்று உத்தரவு வந்தது. எவருக்கும் என்பதில் அவரும் அடக்கமா என்று அவர் கேட்டார். பாதுகாப்பு அலுவலர் உள்ளே போய்க் கேட்டு வந்து, அடக்கம்தான் என்றார். அபாயகரமான நபர் என்பதால் திறப்பாளர் இனி அவர் வீட்டுக்குத் தனியாக வர மாட்டார், துணைக்கு ஓர் ஆளை நியமித்ததும் வருவார் என்றும் சொன்னார்.

உத்தரவில் இன்னொரு வரியும் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் அவர் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டக் கூடாது. எனவே அக்காவைச் சேர்த்த ஐந்தாம் நாள் மதியம் கண்டக்டர் கேட்டுக்கு வெளியே, வண்டிகள் திரும்பும் இடத்தில் ஒரு சிமென்ட் கட்டையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாளாக வயிற்றில் தண்ணீர் தவிர எதுவும் இல்லை. எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மேலே ஜன்னல்களில் எது அக்காவுடையது என்று தெரியவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பேசி அடித்தது. நர்ஸின் எண், அக்காவின் குரல்.

"எங்கடா இருக்க?"

"கீழதான்க்கா."

"உள்ள விடலையா?"

"சாப்பாட்டு நேரம் முடியட்டும்னாங்க."

அந்தப் பக்கம் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. யாரோ, "தலையைக் கொஞ்சம் தூக்குங்க டீச்சர்" என்றார்கள்.

"நீ சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்க்கா. வயிறு நிறைய."

திட்டு வரும் என்று கண்டக்டர் காத்திருந்தார். வந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார்.

"பொய் சொன்னதுக்கு அப்புறமா வச்சிக்கிறேன்," என்றாள் அக்கா. வாய்க்குள் ஏதோ இருந்தது, சொற்கள் குழைந்து வந்தன. "சாப்பாடு ஆறுது. போனை வை."